எங்கள் குளத்துச் செய்தி சேர்வரும் சிஐயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சேர்வர் செய்யும் வேலை சின்னது. குளத்து நீர்மட்டத்தையும் மழை அளவையும் வாங்கி வைத்துக்கொள்ளும். வாய்க்கால் திறக்கும் நாளும் நேரமும் முடிவானதும், பதிந்திருக்கும் வெள்ளாமைக்காரர்களின் போனுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும். பைத்தன் மொழியில் எழுதியது, பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நிரல் முழுவதும் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் யாரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. எழுதுகிறவர்கள் ஏழு பேர். கல்லடியில் இரண்டு பேர், வந்தாறுமூலைக் கம்பஸில் இரண்டு பேர், அக்கரைப்பற்றில் ஒருவர், ஒலுவிலில் ஒருவர், கட்டாரில் வேலை செய்துகொண்டே எழுதுகிறவர் ஒருவர். ஏழு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது இன்றுவரை இல்லை.

புதிதாகச் சேரும் தம்பி, தங்கச்சிமார் சிஐ பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு சேர்வர் திட்டம் நடத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சிஐ என்றால் என்ன?

தொடர் ஒருங்கிணைப்பு; ஆங்கிலத்தில் கன்டினியூவஸ் இன்டகிரேஷன், அதன் முதலெழுத்துகள்தான் சிஐ. ஒருவர் நிரலில் ஒரு மாற்றத்தை அனுப்பியவுடன், எங்கேயோ இருக்கும் ஒரு புதுக் கணினி அதை எடுத்து, ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து நிறுவி, டெஸ்ட்களை, அதாவது நிரல் சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கும் சிறு நிரல்களை, எல்லாம் ஓட்டிப் பார்த்து, சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு என்று காட்டும். அந்தக் கணினிக்குப் பெயர் ரன்னர்.

எண்ணம் பழையது. 1990களின் கடைசியில் கென்ட் பெக்கும் அவரோடு இருந்தவர்களும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறையில் இதை அன்றாடப் பழக்கமாக்கினார்கள். பிறகு குரூஸ்கன்ட்ரோல், ஹட்சன், 2011இல் ஜென்கின்ஸ் என்று கருவிகள் வந்தன. நாங்கள் பயன்படுத்தும், கிட்ஹப்பின் சொந்தச் சிஐ சேவையான கிட்ஹப் அக்ஷன்ஸ் 2019 நவம்பரில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது.

"ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து" என்பதைக் கவனியுங்கள். உங்கள் லப்டொப்பில் இரண்டு வருடத்துக்கு முன் எதற்கோ நிறுவிய பொதிகள் (பிறர் எழுதிய துணை நிரல்கள்) எல்லாம் இருக்கும். நிரல் அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவது உங்களுக்கே தெரியாது. ரன்னருக்கு அந்தப் பழைய சேர்மானம் கிடையாது.

ஏழு பேருக்கு இது தேவையா, அக்கா? கவனமாக எழுதினால் போதாதா?

போதாது. போன மாரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஐயா ஒருவர் போன் எடுத்தார். "மகள், பக்கத்து வயல்காரனுக்கு மெசேஜ் வந்திருக்கு, எனக்கு வரல்ல." பதிவைப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, நம்பர் சரி. ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் மட்டும் அவர் வரவில்லை. திரையில் அவருடைய கொக்கட்டிச்சோலையும் மற்றவர்களுடைய கொக்கட்டிச்சோலையும் அச்சொட்டாக ஒன்றுபோலவே இருந்தன. கடைசியில் இரண்டின் நீளத்தையும் கணினியை எண்ணச் சொன்னேன். ஒன்று 15, மற்றது 17.

கணினி ஒவ்வொரு எழுத்தையும் குறியையும் ஒரு எண்ணாக, குறியெண்ணாக, வைத்திருக்கும்; அந்த எண்களின் பொதுப் பட்டியல் யூனிகோட். 'கொ' என்பதை அதில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக வருவது ஒரு விதம். எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாக வருவது மற்றது. 'சோ'வும் அப்படித்தான். கண்ணுக்கு ஒரே சொல், தரவுத்தளத்துக்கு இரண்டு சொல். ஐயாவின் பேரன் பதிந்த போனில் இருந்த விசைப்பலகை இரண்டாவது விதத்தில் எழுதியிருந்தது.

திருத்தம் ஒரே வரி. உள்ளே வரும் எழுத்தையெல்லாம் என்எஃப்சி என்ற ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டுச் சேமிக்க வேண்டும். அன்றிரவே செய்தோம். மூன்று கிழமை கழித்து வேறொருவர் பதிவுப் பக்கத்தைத் திருத்தி எழுதியபோது அந்த வரி காணாமல் போய்விட்டது. அவரில் பிழை இல்லை. அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று நிரலில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அதற்குள் கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப் பெயருக்கே ஒரு டெஸ்ட் எழுதி வைத்திருந்தோம். அவருடைய புல் ரிக்குவெஸ்ட், அதாவது இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை, வந்த நான்காவது நிமிடம் சிவப்பு விழுந்தது. மேர்ஜ் ஆகவில்லை, அதாவது மாற்றம் முதன்மை நிரலில் சேரவில்லை. ஐயாவுக்கு அந்தக் கிழமையும் மெசேஜ் போனது.

கவனம் என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். ஒரு தரம் பட்டதை டெஸ்டாக எழுதி வைத்தால், நீங்கள் திட்டத்தை விட்டுப் போன பிறகும் அது காவல் இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. ஒளகாரக் குறியின் இரண்டாம் பாதிக்குப் பதிலாகச் சிலர் 'ள' எழுத்தையே தட்டியிருப்பார்கள். 'ஸ்ரீ'யைச் சிலர் 'ஸ'வில் தொடங்குவார்கள், சிலர் 'ஶ'வில் தொடங்குவார்கள். இவை இரண்டும் என்எஃப்சிக்குப் பிறகும் வேறு வேறு சொற்கள்தான். இவற்றுக்குத் தனி விதியும் தனி டெஸ்டும் வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு டெஸ்டிலிருந்து. சேர்வர் எழும்புகிறதா, நலமா என்று கேட்க வைத்திருக்கும் முகவரியைத் தட்டினால் 200 (சரி) என்று பதில் வருகிறதா, அதை மட்டும் பாருங்கள். அறுபது டெஸ்ட் எழுதி முடித்துவிட்டு சிஐ அமைக்கலாம் என்று காத்திருந்த திட்டங்கள் கடைசிவரை அமைக்காமலே போனதைக் கண்டிருக்கிறேன்.

ரெப்போவின், அதாவது நிரல் முழுவதும் இருக்கும் களஞ்சியத்தின், மேல்மட்டத்தில் புள்ளியில் தொடங்கும் கிட்ஹப் கோப்புறை (.github), அதற்குள் வர்க்ஃப்ளோஸ் கோப்புறை, அதற்குள் யாமல் என்ற அமைப்பு வடிவில் ஒரு கோப்பு. அந்தக் கோப்பு மூன்று விஷயம் சொல்லும்: எப்போது ஓட வேண்டும், எந்த மாதிரிக் கணினியில், என்ன கட்டளைகளை. எப்போது என்பதற்கு மெயின் என்ற முதன்மைக் கிளைக்கு வரும் ஒவ்வொரு புஷ்ஷும் (அனுப்பிய மாற்றமும்) ஒவ்வொரு புல் ரிக்குவெஸ்டும் என்று எழுதுங்கள். கணினியின் இயங்குதளத்துக்கு "உபுண்டு லேட்டஸ்ட்" என்று எழுதாமல் 24.04 என்று பதிப்பையே எழுதுங்கள். லேட்டஸ்ட் என்பது ஒரு நாள் உங்களைக் கேட்காமல் மாறும். நீங்கள் ஒன்றும் தொடாத அன்று சிவப்பு விழும்.

யாமலில் புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. பைத்தன் பதிப்பை 3.10 என்று மேற்கோள் குறி போடாமல் எழுதினால் அதை அது தசம எண்ணாக எடுத்து 3.1 ஆக்கிவிடும். பிறகு "3.1 என்ற பைத்தன் கிடைக்கவில்லை" என்று ஒரு செய்தி வரும். மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்.

அப்புறம், முழு வேலைக்கும் டைம்அவுட் (நேர எல்லை) போடுங்கள். சும்மா விட்டால் தொங்கிப் போன வேலை ஒன்று 6 மணித்தியாலம் வரை ஓடிக்கொண்டிருக்கும். எங்களுடையது 15 நிமிடம்.

இதற்குக் காசு கட்ட வேண்டுமா?

ரெப்போ எல்லோருக்கும் திறந்திருந்தால் கிட்ஹப்பின் வழக்கமான ரன்னர்களுக்குக் காசு இல்லை. மூடிய ரெப்போவுக்கு இலவசக் கணக்கில் மாதம் 2000 நிமிடம்.

நாளைக்கு அவர்கள் காசு கேட்டால்?

கேட்கலாம். டிராவிஸ் சிஐ என்ற சேவை 2011இல் வந்தது. பல ஆண்டுகள் திறந்த மூலத் திட்டம் என்றாலே டிராவிஸ்தான். 2020 நவம்பரில் கட்டண முறையை மாற்றினார்கள். 2021 ஜூனில் திறந்த மூலத் திட்டங்கள் இருந்த பழைய தளம் மூடப்பட்டது. நிறையத் திட்டங்கள் அவசர அவசரமாக இடம் மாற வேண்டி வந்தது.

அதனால் யாமல் கோப்பை மெல்லியதாக வையுங்கள். நிறுவுவது, தரவுத்தளத்தைத் தயார் செய்வது, டெஸ்ட் ஓட்டுவது எல்லாம் ரெப்போவுக்குள் இருக்கும் ஒரு ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) இருக்கட்டும். யாமல் அந்த ஸ்கிரிப்டை அழைத்தால் போதும். நாளை கிட்லாப், கோட்பெர்க் போன்ற வேறு தளத்துக்குப் போனாலும் இருபது வரிதான் மாறும். இன்னொரு லாபம், அதே ஸ்கிரிப்டை நீங்கள் வீட்டிலும் ஓட்டலாம்.

டெஸ்டுக்குத் தரவுத்தளம் எங்கிருந்து வரும்?

ரன்னரிலேயே. யாமலில் சேர்வீசஸ் என்ற பகுதியில் போஸ்ட்கிரெஸ் என்று எழுதினால், டெஸ்ட் தொடங்குமுன் ஒரு டொக்கர் கொள்கலனில், அதாவது கணினிக்குள் தனித்து ஓடும் ஒரு பெட்டியில், அதை எழுப்பித் தரும். வேலை முடிந்ததும் அழித்துவிடும். உண்மையான சேர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறதோ அதே பதிப்பை எழுதுங்கள். "டெஸ்டுக்கு எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும்தானே" என்று கேட்பார்கள். போதாது. தேதி, வரிசைப்படுத்தல், பூட்டுகள் மூன்றிலும் இரண்டும் வேறு வேறு மாதிரி நடக்கும்.

கொள்கலன் எழும்புவதும் போஸ்ட்கிரெஸ் பதில் சொல்லத் தயாராவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. இடையில் சில விநாடி ஆகும். தொடக்கத்தில் நாங்கள் "10 விநாடி பொறு" என்று எழுதியிருந்தோம். பெரும்பாலும் போதும். ரன்னர் மெதுவாக இருக்கும் நாளில் போதாது. அந்த நாளில் எல்லா டெஸ்டும் சிவப்பு. போஸ்ட்கிரெஸோடு வரும் "பிஜி இஸ் ரெடி" கட்டளையை நலச் சோதனையாகக் கொடுத்தால் அது தயார் என்று சொல்லும்வரை காத்திருக்கும். அதையே செய்யுங்கள்.

சேர்வரை டெஸ்டுக்குள் எழுப்பும்போது 8000 என்று போர்ட்டை (அது கேட்கும் வாசல் எண்ணை) நிலையாகக் கட்டிவைக்க வேண்டாம். போர்ட் 0 என்று கேட்டால் இயங்குதளமே சும்மா இருக்கும் ஒரு போர்ட்டைத் தரும். நான்கு டெஸ்ட் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒன்றில் ஒன்று முட்டாது.

என் லப்டொப்பில் எல்லாம் பச்சை, சிஐயில் மட்டும் சிவப்பு. எது சரி?

பெரும்பாலும் சிஐதான் சரி. எங்களுக்கு இதைப் படிப்பித்தது நேரம்.

சேர்வர் காலை 5 மணிக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பும்: "இன்று காலை 6 மணிக்கு வாய்க்கால் திறக்கப்படும்." இன்று என்பதா நாளை என்பதா என்று முடிவெடுக்கும் நிரல், கணினியின் தேதியைப் பார்க்கும். எங்கள் லப்டொப்கள் இலங்கை நேரத்தில் இருக்கின்றன. ரன்னர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, அதாவது ஐந்தரை மணித்தியாலம் பின்னால். நமக்குக் காலை 5 மணி என்றால் அதற்கு முதல்நாள் இரவு 11.30. ஆகவே ரன்னரில் அதே நிரல் "நாளை காலை 6 மணிக்கு" என்று எழுதியது. டெஸ்ட் சிவப்பு.

முதலில் ரன்னரின் நேரத்தை மாற்றிவிடலாம் என்றுதான் யோசித்தோம். நல்லவேளை, ஒலுவில் தம்பி ஒரு கேள்வி கேட்டார்: "அக்கா, நம்மட உண்மையான சேர்வர் எந்த நேரத்தில இருக்கு?" பார்த்தால் அதுவும் யூடிசி. வாடகைக்கு எடுக்கும் சேர்வர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அந்த டெஸ்ட் இல்லாமல் வெளியிட்டிருந்தால், தண்ணீர் வரும் அன்று விடிய வயலுக்குப் போக வேண்டியவர்கள் மறுநாள் போயிருப்பார்கள். மேல்வயல்காரர் மடையைத் திருப்பிக்கொண்ட பிறகு கீழ்வயல்காரர் போய் நின்று என்ன செய்வது?

ஆகவே ரன்னரை யூடிசியிலேயே விடுங்கள். நிரலில் நேரத்தைக் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் ஆசியா/கொழும்பு என்ற வலயத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். டெஸ்டில் கடிகாரத்தை நிறுத்திவைத்து, இரவு 12 மணி, காலை 5 மணி, யூடிசியில் தேதி மாறிய பின் வரும் காலை 5.31 என்று மூன்று நேரத்துக்கும் பாருங்கள். மெல்லிய டொக்கர் இமேஜ்கள் (கொள்கலனை எழுப்பும் அச்சுகள்) சிலவற்றில் நேர வலயத் தரவே இருக்காது. அதற்கான பொதியையும் தேவைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வலயப் பெயர் எதற்கு? ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் முடிந்ததுதானே?

இன்றைய தேதிக்கு முடிந்தது. பழைய தேதிக்கு முடியாது. 1996 மே மாதம் இலங்கை நேரம் யூடிசியிலிருந்து ஆறரை மணித்தியாலத்துக்குப் போனது, அதே வருடம் ஒக்டோபரில் ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. எங்களிடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு முற்றத்து மழைமானியைப் பார்த்து வருடக்கணக்கில் எழுதிய கொப்பிகள் இருக்கின்றன. தினமும் காலை 8.30 என்று நேரம் போட்டு, மில்லிமீற்றரில். அவற்றைச் சேர்வரில் ஏற்றியபோது அந்தப் பத்து வருடமும் அரை மணித்தியாலம் (முதல் ஐந்து மாதம் ஒரு மணித்தியாலம்) தள்ளி விழுந்தது. ஆசியா/கொழும்பு என்று கொடுத்தால் நேர வலயத் தரவே அந்த வரலாற்றைப் பார்த்துக்கொள்ளும். கொப்பியில் எழுதிய 8.30 புது நேரமா பழைய நேரமா என்பதை மட்டும் அவரிடமே கேட்டோம். புது நேரம்தான் என்றார். 1997ஆம் ஆண்டுத் தேதி ஒன்றுக்கும் 2007ஆம் ஆண்டுத் தேதி ஒன்றுக்கும் டெஸ்ட் இருக்கிறது, தயவுசெய்து அவற்றை அழிக்க வேண்டாம்.

டெஸ்ட் ஓடும் ஒவ்வொரு முறையும் உண்மையான எஸ்எம்எஸ் போகுமா?

போகாது. போகவும் கூடாது. செய்தி அனுப்பும் நிறுவனத்தின் வாயிலைப் போல நடிக்கும் ஒரு சிறிய போலிச் சேர்வர் டெஸ்ட் கோப்புறையில் இருக்கிறது. வருவதை வாங்கிக் குறித்து வைத்துக்கொண்டு "சரி" என்று பதில் சொல்லும். சில டெஸ்ட்களில் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கும், சிலவற்றில் 500 என்று பிழை திருப்பும். இணைப்பு அறுந்தால் எங்கள் சேர்வர் மறுபடி முயல்கிறதா, அப்படி முயலும்போது ஒரே ஆளுக்கு இரண்டு முறை அனுப்பிவிடுகிறதா என்பதை இப்படித்தான் பார்க்க முடியும்.

நான் எல்லோரையும் முதலில் வாசிக்கச் சொல்வது நீள டெஸ்டைத்தான். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து போகும். தமிழில் 70தான், அதற்கு மேல் போனால் 67, 67 ஆகத் துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. அந்த 70ம் நாம் எண்ணும் எழுத்து அல்ல, குறியெண். மட்டக்களப்பு என்பது நமக்கு எட்டு எழுத்து, போனுக்கு 12. புள்ளி, கால், கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியே எண்ணப்படும். 

இப்போது இந்தச் செய்தியைப் பாருங்கள்: "உன்னிச்சைக் குளம்: நாளை காலை 6 மணிக்கு வாய்க்கால் திறக்கப்படும்." எண்ணினால் 64. ஒரு துண்டில் அடங்கும். புதிதாக வந்த ஒரு தங்கச்சி, பெரியவர்களுக்கு அனுப்பும் செய்தி இப்படி மொட்டையாக இருக்கக் கூடாது என்று முன்னால் "வணக்கம்." சேர்த்தார். அவர் நினைத்தது நியாயம்தான். 73 ஆனது, இரண்டு துண்டு, செலவு இரட்டிப்பு. டெஸ்ட் சிவப்பு காட்டியது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து யோசித்து, "திறக்கப்படும்" என்பதைத் "திறக்கும்" என்று சுருக்கி வணக்கத்தை உள்ளே கொண்டுவந்தோம். இப்போது 69.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியை ரன்னர் ஆக்கலாமா?

திறந்த ரெப்போவுக்கு வேண்டாம். கிட்ஹப்பே அதைத் தவிர்க்கச் சொல்கிறது. காரணம், யார் வேண்டுமானாலும் புல் ரிக்குவெஸ்ட் அனுப்பலாம், அதில் இருக்கும் நிரல் உங்கள் வீட்டுக் கணினியில், உங்கள் வீட்டு வைஃபைக்குள் ஓடும். கிட்ஹப்பின் ரன்னர் ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகப் பிறந்து அழிந்துவிடும். உங்கள் வீட்டுக் கணினி அப்படியல்ல.

கரண்டையும் யோசியுங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். அன்று கட்டாரிலிருந்து வந்த ஒரு மாற்றத்தை ரன்னர் தன்பாட்டில் ஓட்டி முடித்து வைத்திருந்தது. எங்களுக்குக் கரண்ட் வந்ததும் மேர்ஜ் செய்ததுதான் வேலை.

டேட்டா நிறையப் போகுமா?

மாறாகக் குறையும். போஸ்ட்கிரெஸ் இமேஜை இறக்கவே நூறு எம்பிக்கு மேல் வேண்டும். அதோடு பைத்தன் பொதிகள். அதையெல்லாம் ரன்னர் தன் பக்கத்தில் இறக்கிக்கொள்கிறது. நீங்கள் அனுப்புவது சில கேபி மாற்றம் மட்டும். ரீலோட் போட்ட போனிலிருந்து ஹொட்ஸ்பொட் எடுத்து வேலை செய்கிறவர்கள் எங்களில் இரண்டு பேர். அவர்கள் தொடர்பான டெஸ்டை மட்டும் லப்டொப்பில் ஓட்டுவார்கள், மீதியை சிஐயிடம் விடுவார்கள். அது முழுக்கச் சரியான முறைதான்.

ஒருமுறை சிவப்பு, ஒன்றும் மாற்றாமல் மறுபடி ஓட்டினால் பச்சை. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. இந்த ஒன்றில் நான் பிடிவாதமாகத்தான் இருப்பேன்.

மறுபடி ஓட்டு என்ற பொத்தானை அமுக்கிப் பச்சை வாங்கிப் பழகினால், ஒரு மாதத்தில் எல்லோரும் சிவப்பைப் பார்த்தவுடன் யோசிக்காமல் அந்தப் பொத்தானை அமுக்குவார்கள். உண்மையான பிழையும் அதோடு போய்விடும். எங்களுக்கே நடந்தது. இரட்டிப்பாகச் செய்தி போகும் பிழை ஒன்று, பத்து ஓட்டத்தில் ஒன்றில் மட்டும் சிவப்பு காட்டிக்கொண்டிருந்தது. நெட் பிரச்சினை என்று எல்லோரும் கடந்து போனோம், நானும்தான். பிறகு ஒரு நாள் எழுபது பேருக்கு இரண்டு இரண்டு மெசேஜ் போனது.

இப்போது எங்கள் வழக்கம் இது. இப்படிப் பச்சைக்கும் சிவப்புக்கும் ஆடும் டெஸ்டைக் கண்டவர் அன்றே கிட்ஹப்பில் ஒரு இஷ்யூ (முறைப்பாடு) திறந்து லொக்கை (ஓட்டத்தின் பதிவேட்டை) ஒட்ட வேண்டும். லொக்கில் முதல் சிவப்பு வரியிலிருந்து வாசியுங்கள். கடைசி வரியில் இருப்பது பெரும்பாலும் விளைவு, காரணம் மேலேதான் கிடக்கும். ஒரு கிழமைக்குள் காரணம் பிடிபடாவிட்டால் அந்த டெஸ்டைத் தனியே ஒதுக்கி, அது ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பட்டியலில் எழுதுவோம். காரணங்கள் அநேகமாக மூன்றுக்குள் அடங்கும்: நேரம், காத்திருக்காமை, ஒரு டெஸ்ட் விட்டுச் சென்ற தரவு அடுத்த டெஸ்டுக்குள் கிடப்பது.

தரவுத்தள அமைப்பை மாற்றினால் என்ன டெஸ்ட் வேண்டும்?

இரண்டு. வெறும் தரவுத்தளத்திலிருந்து மைக்ரேஷன்கள் (அமைப்பை மாற்றும் கட்டளைகள்) எல்லாம் வரிசையாக ஓட வேண்டும். கடைசியாக வெளியிட்ட பதிப்பின் தரவுத்தளத்திலிருந்தும் ஓட வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உண்மையான சேர்வர் ஒருநாளும் வெறும் தரவுத்தளத்திலிருந்து தொடங்குவதில்லை. அதற்கென்று கற்பனைப் பெயர்களோடு சிறிய தரவுக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறோம். உண்மையான ஆட்களின் நம்பர் ஒன்றுகூட ரெப்போவுக்குள் வரக் கூடாது.

தெரியாத ஒருவர் புல் ரிக்குவெஸ்ட் அனுப்பினால் நம் கீ, பாஸ்வேர்ட் அவர் கையில் போகுமா?

வழக்கமான புல் ரிக்குவெஸ்ட் நிகழ்வில் போகாது. வெளியார் தங்கள் நகலிலிருந்து அனுப்பும்போது இரகசியங்கள் அந்த ஓட்டத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை, ரெப்போவைத் தொட ரன்னருக்குக் கொடுக்கும் டோக்கனுக்கும் வாசிக்கும் உரிமை மட்டும்தான். ஆனால் "புல் ரிக்குவெஸ்ட் டார்கெட்" என்று கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு நிகழ்வு உண்டு. அது இரகசியங்களோடு ஓடும். அதில் வெளியாரின் நிரலை இறக்கி ஓட்டினால் கதவைத் திறந்து விட்டதுபோல. அதை எங்கள் ரெப்போவில் எங்கும் பயன்படுத்துவதில்லை.

பிறர் எழுதி, நாம் யாமலிலிருந்து அழைக்கும் அக்ஷன்களிலும் (ஆயத்தப் படிகளிலும்) கவனம் வேண்டும். 2025 மார்ச்சில் பல ஆயிரம் ரெப்போக்கள் பயன்படுத்திய, மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் ஒரு அக்ஷனுக்குள் யாரோ புகுந்து, அதன் பதிப்புக் குறிகளையெல்லாம் தீய நிரலை நோக்கித் திருப்பிவிட்டார்கள். அது ஓடிய இடங்களில் இரகசியங்கள் லொக்கில் கொட்டின. பதிப்புக் குறியை நகர்த்தலாம், கொமிட்டின் (பதிந்த ஒரு மாற்றத்தின்) 40 எழுத்து அடையாளத்தை நகர்த்த முடியாது. எனவே வெளி அக்ஷனை அந்த அடையாளத்தை எழுதித்தான் அழைக்கிறோம். கோப்பின் தலையிலேயே உரிமை "வாசிக்க மட்டும்" என்றும் எழுதியிருக்கிறோம்.

பச்சை என்றால் நிரல் சரி என்று அர்த்தமா?

நாம் கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் வந்தது என்று அர்த்தம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் பின்கதவு இருந்தது வெளியே வந்தது. அதைப் பிடித்த அன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டிப் போனவர். தீய பகுதி டெஸ்டுக்கான கோப்புகள் என்ற பெயரில் வைத்தவற்றுக்குள்தான் ஒளிந்திருந்தது. அதனால் டெஸ்ட் கோப்புறையில் வரும் மாற்றத்தையும் ஒரு ஆள் கண்ணால் வாசிக்காமல் நாங்கள் மேர்ஜ் செய்வதில்லை.

ஒவ்வொரு இரவும் தானாக ஓடச் செய்யலாமா?

செய்யலாம். நாம் ஒன்றும் மாற்றாதபோதும் வெளிப் பொதிகள் மாறும். அந்த அட்டவணையும் யூடிசிதான். நமக்கு இரவு 2 மணி என்றால் 20.30 என்று எழுத வேண்டும். மணி, அரைமணி போன்ற முழு நேரங்களில் பலரும் போடுவதால் தாமதமாகலாம், ஆகவே 20.37 மாதிரி ஒன்றைப் போடுங்கள். திறந்த ரெப்போவில் 60 நாள் ஒரு அசைவும் இல்லாவிட்டால் கிட்ஹப் அந்த அட்டவணையை நிறுத்திவிடும். சிறுபோக அறுவடைக்கும் மாரிக்கும் இடையில் எங்கள் ரெப்போ அசையாமல் கிடந்து, இரவு ஓட்டம் நின்றதை நாங்கள் கவனிக்காமலே இருந்தோம்.

இவ்வளவு பாடுபட்டு எழுதியதை ஏன் திறந்து வைக்க வேண்டும்?

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். அடுத்த கிழமைகளில் இலங்கை நிரலாளர்கள் சம்பளம் இல்லாமல் கூடி எழுதியதுதான் சஹானா. காணாமல் போனவர்களைத் தேடவும் முகாம்களையும் உதவிகளையும் பதியவும் உதவிய சேர்வர் மென்பொருள். திறந்த மூலமாக இருந்ததால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. 2006இல் ஃப்ரீ சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது.

எங்களுடையது அந்த அளவில் ஒன்றுமில்லை. ஆனால் இன்னொரு குளத்தடியில் யாரோ ஒருவர் இதை எடுத்துத் தன் ஊருக்கு மாற்ற விரும்பினால், எங்களைக் கூப்பிட்டுக் கேட்காமலே "இதை மாற்றினால் எது உடையும்" என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பதில் டெஸ்ட் கோப்புறையில் இருக்கிறது.

டெஸ்டின் பெயரைத் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம். பைத்தன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்ட் கண்டுபிடிப்பதற்காகத் தொடக்கத்தில் "டெஸ்ட்" என்பதை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு மீதியைத் தமிழில் எழுதுங்கள். ஒரே டெஸ்டுக்குப் பல ஊர்ப் பெயர்களை அளவுருவாகக் கொடுத்தால் மட்டும் லொக்கில் அவை எழுத்தாகத் தெரியாது, குறியெண்களாக வரும். அந்த இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு சிறு அடையாளம் கொடுங்கள்.

முதல் புல் ரிக்குவெஸ்டுக்கு வேலை தேடுகிறீர்கள் என்றால், அந்த ஊர்ப் பட்டியலைத் திறந்து உங்கள் ஊரைச் சேருங்கள். கொ, கோ, சோ, பொ, போ மாதிரி எழுத்து உள்ள பெயராக இருந்தால் இரண்டு விதமாகவும் தட்டிச் சேருங்கள். பொத்துவில், கோளாவில் இரண்டும் இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை.